சுகர்ஸ் பிடித்த பிள்ளையை வீட்டோடு வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி

எங்கள் வீட்டில் முதலில் காணாமல் போனது அலுமினியம் ஃபாயில். ரொட்டி சுற்றிக் கொடுக்க வாங்கி வைத்த ரோல் வாரத்துக்கு ஒன்று தீர்ந்தது, அண்ணி என் பிள்ளைகளைக் கேட்டார், நான் அண்ணன் பிள்ளைகளைக் கேட்டேன், யாரும் எடுக்கவில்லையாம். அப்புறம் டிரில் மெஷின். அப்புறம் அவ்வாவின் வெண்கலக் குத்துவிளக்கு. விளக்கு போன அன்றைக்குத்தான் அண்ணன் வராண்டாவில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "பையன் சுகர்ஸ் அடிக்கிறான்டா" என்றார்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சுகர்ஸ் என்பது மட்டமான ஹெராயின், கண்டதையும் கலந்தது, ஃபாயிலில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுப்பார்கள். 2000-க்குப் பிந்தைய பத்தாண்டின் நடுவில் எங்கள் பகுதியில் பரவிய பெயர் இது. டர்பனின் மற்ற இடங்களில் வூங்கா என்பார்கள், பிரிட்டோரியா பக்கம் நியாவோபே. எலி விஷம் கலக்கிறார்கள், எச்.ஐ.வி. மாத்திரை கலக்கிறார்கள் என்று ஆயிரம் கதை ஓடும். எதைக் கலந்தாலும் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது ஹெராயின்தான், வைத்தியமும் அதற்குத்தான் பார்க்க வேண்டும்.

நாங்கள் முதலில் செய்ததைச் செய்யாதீர்கள். பின்கட்டு அறையில் பூட்டி வைத்தோம். கடைசியாக இழுத்து எட்டு, பத்து மணி நேரத்தில் ஆரம்பித்தது: கொட்டாவி, மூக்கில் நீர், உடம்பெல்லாம் புல்லரிப்பு, வயிற்றைப் பிசைந்துகொண்டு தரையில் உருண்டான். பையன்கள் இதை அரோஸ்டா என்பார்கள். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு ஓரளவு தணிந்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வாந்தி பேதியில் நீர் வற்றிப்போவதால்தான், அதனால் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை விடாமல் கொடுக்க வேண்டும். பத்தாம் நாள் குளித்துவிட்டு வெளியே வந்தான். அண்ணி அழுதார். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டோம்.

மூன்றாவது வாரம் கழிப்பறைக் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தோம், உதடு நீலம், தொண்டையில் கொர் கொர் என்று ஒரு சத்தம்.

ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. பழக்கத்தில் இருக்கும்போது உடம்பு ஒரு அளவைத் தாங்கும். இரண்டு மூன்று வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி இறங்கிவிடும், ஆனால் ஆசை இறங்காது, பழைய அளவையே மறுபடி இழுப்பார்கள், மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து, மறுவாழ்வு மையத்திலிருந்து, பூட்டிய அறையிலிருந்து வெளியே வரும் முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. வெறுமனே நிறுத்த வைப்பது வைத்தியம் ஆகாது. நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

அந்த மாதிரி ஒருவர் கிடந்தால் செய்ய வேண்டியது: உரக்கக் கூப்பிடுங்கள், நெஞ்செலும்பில் கைவிரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, எழுப்பினால் எழவில்லை என்றால் கைபேசியிலிருந்து 112, அல்லது ஆம்புலன்ஸுக்கு 10177. மூச்சு சரியாக இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூச்சே இல்லை, கிடப்பது பிணம் போல் இருக்கிறது என்றால் போனில் இருப்பவர் சொல்கிறபடி நெஞ்சையும் அழுத்துங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டையில் அடைக்காது. பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், பால் புகட்டாதீர்கள், நடக்க வைத்து இழுக்காதீர்கள். எங்கள் தெருவில் உப்புத் தண்ணீர் ஊசி போடலாம் என்று ஒருவர் அறிவுரையே சொன்னார், அதையும் செய்யாதீர்கள். நாலாக்சோன் என்ற ஊசி மருந்து மூச்சைத் திருப்பும், ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், ஹெராயின் அதைவிட நேரம் உடம்பில் இருக்கலாம், எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

சரி, வைத்தியம். உலகம் முழுக்க நிரூபணமானவை இரண்டு, மெதடோனும் பியூப்ரெனார்பினும், ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் அளந்து கொடுக்கும் அதே வகை மருந்துகள். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மெதடோன் பாகு மாதிரி, நாளுக்கு ஒருமுறை குடிப்பது. பியூப்ரெனார்பின் நாக்குக்கு அடியில் கரைய வைப்பது, ஆனால் அரோஸ்டா நன்றாகத் தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை, இல்லையென்றால் அதுவே அரோஸ்டாவைக் கிளப்பிவிடும்.

மெதடோனில் பொறுமைதான் முக்கியம். டாக்டர் வழக்கமாக 20, 30 மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார். ஒரே அளவைக் கொடுத்தாலும் உடம்பில் அது நிலைபெற நாலைந்து நாள் ஆகும், அதனால் இரண்டாம் நாள் "பத்தலை சித்தப்பா" என்று அவன் கெஞ்சினாலும் நீங்களாகக் கூட்டிக் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டு வாரம் இரவில் அவன் குறட்டையைக் கவனியுங்கள், முன்பு சொன்ன அந்தக் கொர் கொர் சத்தம் போல் கேட்டால் உடனே எழுப்பிப் பாருங்கள். சாராயம், தூக்க மாத்திரை இரண்டும் கூடவே கூடாது. கடைசியில் பலருக்கு 60-லிருந்து 120 வரை தேவைப்படும், குறைந்த அளவில் நிறுத்தி வைத்து "பார், மருந்து கேட்கவில்லை" என்று சொல்வது நம் ஆட்களின் வழக்கம். பாட்டிலை வீட்டுக்குக் கொடுத்தால் பூட்டிய பெட்டியில் வையுங்கள், இனிப்புப் பாகு அது, குழந்தை ஒரு மடக்கு குடித்தாலும் போய்விடும்.

இந்த நாட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்று காசநோய். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி.க்கான எஃபவிரென்ஸ் இரண்டும் மெதடோனை உடம்பிலிருந்து சீக்கிரம் விரட்டிவிடும். நன்றாக இருந்தவன் டி.பி. மாத்திரை ஆரம்பித்த பத்தே நாளில் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டால் அவன் ஏமாற்றுகிறான் என்று அர்த்தமில்லை, மெதடோன் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பிணி என்றால் திடீரென்று நிறுத்தவே கூடாது, மெதடோனோ பியூப்ரெனார்பினோ கொடுத்துத்தான் பிரசவம் வரை கொண்டுபோவார்கள். ஊசி போடுகிறவர் என்றால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, பி பரிசோதனையும் புது ஊசியும். டர்பனில் புது ஊசி கொடுக்கும் திட்டத்தை 2018-ல் நகராட்சி நிறுத்திவிட்டு 2020-ல் மறுபடி அனுமதித்தது, கடற்கரையில் ஊசி ஒதுங்கியதென்று ஒரே கூச்சல். குப்பையைப் பார்த்தவர்கள் கிருமியைப் பார்க்கவில்லை.

எங்கே போவது? பிரிட்டோரியாவில் 2016-ல் ட்ஷ்வானே நகராட்சியும் பிரிட்டோரியா பல்கலைக்கழகமும் சேர்ந்து கோசப் என்ற திட்டத்தைத் தொடங்கின, பகுதி கிளினிக்குகளிலேயே மருந்து, ஆலோசனை, வேலைக்கு வழி என்று எல்லாம் ஒரே இடத்தில். டர்பனில் 2020 ஊரடங்கின்போது தெருவில் இருந்தவர்களை முகாம்களில் சேர்த்து, அரோஸ்டாவில் துடித்தவர்களுக்கு மெதடோன் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் பெல்ஹேவன் மையம். நிதி வரத்தைப் பொறுத்து இங்கெல்லாம் நிலைமை மாறும், போகும் முன் போன் செய்து புது ஆள் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். எங்கே ஆரம்பிப்பதென்றே தெரியாவிட்டால் 0800 12 13 14, போதைப் பழக்கத்துக்கு உதவி கேட்கும் கட்டணமில்லாத எண். சொந்தக் காசில் தனியார் டாக்டரிடம் வாங்கினால் மருந்து விலை கடிக்கும், மாதச் செலவை முன்னாலேயே கணக்குப் போடுங்கள், பாதியில் காசு தீர்ந்து மருந்து நின்றால் ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம்.

தங்கிப் பார்க்கும் மறுவாழ்வு மையம் என்றால், 2008-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி அதற்குப் பதிவு வேண்டும். சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் முன்பணம் கட்டிவிட்டு வந்தோம், பிள்ளை முதுகில் ஹோஸ் பைப் தழும்போடு திரும்பி வந்தான், மருந்து என்று ஒரு சொட்டு கொடுக்கவில்லை.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?" கோயில் கமிட்டியில் கேட்டார்கள், உங்களையும் கேட்பார்கள். நான் வாதம் செய்யவில்லை. மெதடோன் எடுத்து மூன்றாவது மாதம், அவ்வாவின் பென்ஷன் கார்டைக் கொடுத்து அவனைக் கடைக்கு அனுப்பினோம். அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், நானும்தான். அரிசி, மசூர் பருப்பு, மீதிப் பணம், சில்லறை உட்பட ரசீதோடு வந்தது. அந்தக் கதையைத்தான் கமிட்டியில் சொன்னேன்.

வீட்டு விதிகளைக் குறைவாக வையுங்கள், ஆனால் மாற்றாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்றுதான்: கையில் பணம் கொடுக்காமல் வேண்டியதை வாங்கிக் கொடுப்போம், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, சாப்பாட்டை எந்தக் கோபத்திலும் நிறுத்துவதில்லை. பழைய நண்பர்கள் கேட்டருகே வந்தால் அண்ணன் போய்ப் பேசுவார், பையன் போகமாட்டான். மெக்கானிக் கடையில் முதலில் அரை நாள் வேலை, ஏனென்றால் காலையில் மருந்து குடிக்க கிளினிக்குக்குப் போக வேண்டும், முதலாளியிடம் இதை மறைக்காமல் சொல்லிவிட்டோம். மறைத்திருந்தால் இரண்டாவது வாரமே "தினமும் லேட்" என்று அனுப்பியிருப்பார்.

ஒருமுறை மறுபடி இழுத்தான். இழுப்பார்கள். அன்றைக்கு அவனை வெளியே தள்ளாமல் மறுநாள் காலையில் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், நடந்ததை நர்ஸிடம் அவனே சொல்லட்டும், அளவு போதவில்லையா என்று அவர்கள் பார்ப்பார்கள். மருந்தை எப்போது நிறுத்துவது என்று உறவினர்கள் நச்சரிப்பார்கள். வருடக்கணக்காக எடுப்பவர்கள் உண்டு, அவசரப்பட்டு நிறுத்தியவர்களில் பலர் திரும்பி விழுகிறார்கள். குறைப்பதை டாக்டரும் பையனும் முடிவு செய்யட்டும், சித்தப்பாவோ அத்தையோ அல்ல.

அண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் வந்தோம், அவரை யாரும் கேட்கவில்லை. ஞாயிறு மதியம் அவரை அவர் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் போய் உட்கார ஆரம்பித்தேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், முறை வைத்து அவருக்கு ஓய்வு கொடுங்கள்.

ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றும்போது பெரிய அண்டாவைக் கிண்ட ஆள் குறைந்தது. பூசாரி சுற்றிப் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிட்டார். காலை கிளினிக்கில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கோப்பையைக் குடித்து, தண்ணீர் ஊற்றி அலசியும் குடித்து, விழுங்கிவிட்டான் என்று காட்ட நர்ஸிடம் "குட் மார்னிங் சிஸ்டர்" சொல்லிவிட்டு நேராக வந்திருந்தான். மத்துக்கட்டையைக் கையில் வாங்கியவன், அடிப்பிடிக்கிறது, விறகை இழுங்க என்று என்னை விரட்டினான்.