சின்ன சார்ட்டர் பள்ளியா? போனவர்களைப் பற்றிக் கேளுங்கள்

ஜனவரி பிறந்தால் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அந்தச் சின்ன சார்ட்டர் ஸ்கூல் எப்படிங்க?" உடனே யாராவது ரேட்டிங் எண்ணை எடுத்துப் போடுவார்கள். பத்துக்கு எட்டு, பத்துக்கு ஆறு. பேச்சு அதோடு முடிந்துவிடும். கலிஃபோர்னியாவில் அப்படி ஒரு பள்ளியில் மகனை மூன்று வருடம் படிக்க வைத்து, பிறகு வெளியே எடுத்தவள் நான். மகளுக்காக மறுபடியும் தேடினேன். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் இரண்டாவது முறை கொஞ்சம் துருவியே பார்த்தேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளி அல்ல. மினசோட்டா 1991-இல் முதல் சட்டம் போட்டது, கலிஃபோர்னியா 1992-இல். அரசுப் பணத்தில் நடக்கும்; ஃபீஸ் இல்லை, நுழைவுத் தேர்வு இல்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பள்ளி நடத்த பள்ளி மாவட்டமோ (அந்தப் பகுதியின் வழக்கமான அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கவுண்டியோ ஒரு கால அளவுக்கு உரிமம் தரும்.

முதலில் அந்த உரிமத்தைத் தேடுங்கள். எப்போது முடிகிறது, கடைசியாக எத்தனை வருடத்துக்குப் புதுப்பித்தார்கள்? இங்கே பொதுவாக 5 வருடம். 2019-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, நன்றாக நடக்கும் பள்ளிக்கு 7 வருடம் வரை கிடைக்கலாம். தேர்ச்சி மோசமான பள்ளிக்கு, கொடுத்தால் 2 வருடம்தான். 2 என்று பார்த்தால் உரிமம் கொடுத்தவர்களுக்கே நம்பிக்கை இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். புதுப்பிக்கும்போது மாவட்ட அலுவலர்கள் எழுதும் அறிக்கை அவர்களுடைய போர்டு கூட்ட ஆவணங்களில் இருக்கும். பள்ளி அச்சடித்துக் கொடுக்கும் வழவழப்பான பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு அதைப் படியுங்கள்.

ரேட்டிங் எண்ணுக்கு வருகிறேன். அது பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் போடுவது; அந்தத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. உங்கள் பிள்ளை சேரப்போவதோ கிண்டர்கார்டன். அந்த மூன்றாம் வகுப்பிலும் 22 பிள்ளைகள்தான் என்றால் ஒரு பிள்ளையே நாலரை சதவீதம். தேர்வன்று மூன்று பேருக்குக் காய்ச்சல் அடித்தால் பள்ளியின் 'தரம்' பதினான்கு புள்ளி சரியலாம். 10 பேரோ அதற்குக் குறைவோ எழுதியிருந்தால் மாநிலம் எண்ணையே காட்டாது, நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். சின்னப் பள்ளியின் மதிப்பெண்ணை ஒரு வருடத்துக்கு மட்டும் பார்ப்பது, ஒரு நாள் வியாபாரத்தை வைத்துக் கடையை விலை பேசுவது போலத்தான்.

அதற்குப் பதில் நான் பார்ப்பது யார் போனார்கள் என்பதை. மாநிலக் கல்வித் துறையின் டேட்டாகுவெஸ்ட் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியாக, வருடவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கை இருக்கிறது. அதை நேராகப் படிக்காதீர்கள், படிக்கட்டு இறங்குவது போலக் குறுக்கே படியுங்கள்: இந்த வருடக் கிண்டர்கார்டன், அடுத்த வருட முதல் வகுப்பு, அதற்கடுத்த வருட இரண்டாம் வகுப்பு. அதே பிள்ளைகள்தானே மேலே ஏறுகிறார்கள். என் மகன் படித்த பள்ளியில் அந்தப் படிக்கட்டு 24, 19, 14 என்று இறங்கியிருந்தது. அவனை வெளியே எடுத்த பிறகுதான் இதைப் பார்த்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதைத்தானே நீ ஆபீஸ்ல தினம் பண்றே?" என்றார். பதில் சொல்ல வாய் இல்லை.

ஆசிரியர்கள் போன கதைக்குப் பள்ளியின் சொந்தப் போர்டு கூட்டக் குறிப்புகளைப் பாருங்கள். இங்கே சார்ட்டர் போர்டுகளும் திறந்த கூட்டச் சட்டத்துக்குள் வருகின்றன. வழக்கமான கூட்டத்தின் அஜெண்டாவை 72 மணி நேரம் முன்பே வெளியே வைக்க வேண்டும். இரண்டு வருடக் குறிப்புகளைப் படிக்க ஒரு மாலை போதும். ராஜினாமா, தற்காலிக முதல்வர், வாடகை ஒப்பந்தம், பட்ஜெட் திருத்தம், இந்த நாலு வார்த்தைகளைத் தேடுங்கள். ஒரு ஆசிரியர் போவது சகஜம். ஆறு வகுப்பாசிரியர்கள் உள்ள இடத்தில் ஜூன் மாதம் மூன்று பேர் போனால், காரணத்தை முதல்வரிடமே கேளுங்கள். "குடும்பக் காரணம்" என்று மூவருக்கும் ஒரே பதில் வந்தால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

பணத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பள்ளிக்குப் பணம் வருவது பிள்ளைகளின் சராசரி வருகையை வைத்து. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். பத்துப் பிள்ளைகள் போனால் லட்சம் டாலர் போச்சு, அது ஒரு ஆசிரியரின் சம்பளம். பெரிய மாவட்டம் இதைத் தாங்கிவிடும். 130 பிள்ளைகள் உள்ள பள்ளி தள்ளாடும். ஆகவே பட்ஜெட்டில் எனக்கு வேண்டியது ஒரே பதில்: மாநிலப் பணம் தாமதமானால் கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும்? 2021-இல் மாநிலம் சில மாதப் பணத்தைத் தள்ளிப்போட்டது, இது நடக்காத விஷயம் இல்லை. கட்டிடம் யாருடையது என்றும் கேளுங்கள். ப்ரொபொசிஷன் 39 என்ற மாநிலச் சட்டத்தின் கீழ் மாவட்டக் கட்டிடத்தில் இருக்கும் பள்ளி வருடா வருடம் இடம் கேட்டு விண்ணப்பிக்கும். அடுத்த ஆகஸ்டில் எந்தத் தெருவுக்குக் காரை ஓட்டுவோம் என்பது அதைப் பொறுத்தது. பெரும்பாலும் பள்ளி பஸ்ஸும் கிடையாது.

காகிதம் போதும், நேரில் போங்கள். ஓப்பன் ஹவுஸ் அன்று அல்ல, சாதாரண செவ்வாய்க்கிழமையில். முதல் வகுப்பின் வாசிப்புப் பாடத்தில் இருபது நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்க்காதீர்கள், தடுமாறும் ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள். தெரியாத சொல் வந்ததும் ஆசிரியர் எழுத்தெழுத்தாக ஒலி கூட்டச் சொல்கிறாரா, படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்கிறாரா? ஊகிக்கச் சொன்னால் எனக்கு வயிற்றில் புளி கரைக்கும். என் மகன் அப்படித்தான் இரண்டு வருடம் 'வாசித்தான்'. படத்தை மறைத்தால் ஒரு வரி வராது.

சின்னப் பள்ளிக்கே உரிய இன்னொரு விஷயம்: வகுப்புக்கு ஒரே பிரிவு. ஆசிரியரோடு ஒத்துப்போகாவிட்டால் மாற்ற வேறு பிரிவு இல்லை. ஒரு பையன் சீண்டிக்கொண்டே இருந்தால் அவனோடுதான் ஐந்தாம் வகுப்பு வரை. எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார்கள் என்பதில்தான் நாங்கள் மயங்கினோம். அது பொய்யில்லை. வாசலில் நிற்கும் முதல்வர் என் மகனின் பல் விழுந்ததைக்கூட ஞாபகம் வைத்திருந்தார். ஆனால் அவனுக்கு வாரம் இருமுறை வரவேண்டிய பேச்சுப் பயிற்சியாளர் போன பிறகு நாலு மாதம் யாரும் வரவில்லை. சட்டப்படி சார்ட்டர் பள்ளியும் சிறப்புக் கல்வி தரவேண்டும். ஆள் யார், பள்ளியின் ஊழியரா ஒப்பந்தத்தில் வருபவரா, அவர் போனால் அடுத்தவர் எப்போது வருவார் என்று கேளுங்கள். "உங்க பிள்ளைக்கு எங்க ஸ்கூல் செட் ஆகுமான்னு தெரியலையே" என்று இனிமையாகச் சொன்னால், படிக்கட்டில் எண்கள் ஏன் இறங்கின என்பதற்கு அது ஒரு பதில். சேரும் முன்பே பிள்ளையின் பழைய பதிவுகளைக் கேட்க இங்கே அவர்களுக்கு உரிமை இல்லை. தன்னார்வ மணிநேரமும் நன்கொடையும் சேர்க்கைக்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது.

நம் வீடுகளுக்கு மட்டும் ஒன்று. சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி பற்றி நாலு கேள்விகள் இருக்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு 30 நாட்களுக்குள் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். இதற்குப் பயந்து இங்கிலீஷ் என்று எழுதச் சொல்கிறவர்கள் உண்டு. நான் தமிழ் என்றே எழுதினேன். தேறாவிட்டால் உதவி வகுப்பை யார் எடுப்பார், 'ஆங்கிலம் கற்பவர்' என்ற அடையாளத்திலிருந்து வெளிவர எத்தனை வருடம் ஆகிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

முடிந்தால், விலகிப் போன ஒரு குடும்பத்தோடு பேசுங்கள். பள்ளி தரும் 'பேரண்ட் அம்பாசிடர்' நல்லதைத்தான் சொல்வார். போனவர்கள் எல்லோரும் கோபத்தில் பேசுவதில்லை; ஒருவர் என்னிடம், "வேற ஊருக்குப் போகலைன்னா அங்கேயேதான் விட்டிருப்போம்" என்றார்.

மகளுக்காக விண்ணப்பித்த சார்ட்டர் பள்ளியின் குலுக்கலில் அவளுக்குக் காத்திருப்பு எண் 31. மாவட்டப் பள்ளியில் சேர்த்துவிட்டு மறந்தும் போனோம். ஆகஸ்டு இரண்டாவது வாரம் போன் வந்தது, இரண்டு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். மற்றதெல்லாம் முன்பே பார்த்து வைத்திருந்ததால் ஒரே கேள்விதான் பாக்கி: மார்ச்சில் நான் உட்கார்ந்து பார்த்த முதல் வகுப்பு ஆசிரியை இந்த வருடமும் இருக்கிறாரா? இருக்கிறார், இது அவருக்கு ஏழாவது வருடம் என்றார் அலுவலகப் பெண். அன்று மாலையே படிவத்தை அனுப்பினோம்.