ரோத்கோவைத் தேடிப் போகிறவர்களுக்கு

அச்சகத்தில் நிறம் சரிபார்ப்பது என் வேலை. பல வருடங்களுக்கு முன் ஓர் ஓவிய நாட்காட்டி எங்களிடம் வந்தது. அதில் ஒரு மாதத்துக்கு, பெரிய நிறப் பரப்புகளாகவே வரைந்த அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோவின் சிவப்பு ஓவியம். மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினோம். மஜெந்தா மையைக் கூட்டினால் சிவப்பு கத்தியது, குறைத்தால் காய்ந்த செங்கல் மாதிரி ஆனது. கடைசியில் வந்தது நல்ல அச்சுதான், வாடிக்கையாளரும் ஒப்புக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அசல் எப்படி இருக்கும்?

அந்தக் கேள்விக்காக இதுவரை ஐந்து பயணம் போயிருக்கிறேன். அவற்றில் ஒன்று வீண். அதில் கற்றதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் நேரில் போக வேண்டும் என்பது. ரோத்கோ சாயத்தை மிக மெல்லியதாகக் கரைத்து, பிசின், முட்டை, பசை என்று கலந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினார். வெளிச்சம் மேல் பூச்சோடு நிற்காமல் உள்ளே போய், அடியிலிருக்கும் நிறத்தைத் தொட்டுத் திரும்பி வருகிறது. அச்சின் நான்கு மைகளால் காகிதத்தில் இதைக் கொண்டுவர முடியாது. போன் திரையாலும் முடியாது. அதோடு அளவு இருக்கிறது. பல ஓவியங்கள் ஆளைவிட உயரம். 18 அங்குலத் தொலைவில் நின்று பாருங்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு நெருங்கினால் ஓரங்கள் கண்ணை விட்டுப் போய்விடும், நிறத்துக்குள் நிற்பது போல இருக்கும்.

சரி, திட்டத்துக்கு வருவோம். எந்த ஊரில் எத்தனை ஓவியம் என்று எண்ணிப் பட்டியல் போடாதீர்கள். அறைகளைத் தேடுங்கள். தன் ஓவியங்கள் மற்றவர்களின் ஓவியங்களுக்கு நடுவே தொங்குவதை ரோத்கோ விரும்பவில்லை. அவை சேர்ந்து ஒரே அறையில், தாழ்வாக, மங்கிய வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அப்படிப்பட்ட அறை ஒன்றில் ஒரு மணி நேரம் உட்காருவது, நியூயார்க்கில் மூன்று அருங்காட்சியகங்களில் ஏறி இறங்குவதைவிட எவ்வளவோ மேல். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் விட்னியும் மெட்ரோபாலிட்டனும் அவருடைய அருமையான ஓவியங்களை வைத்திருக்கின்றன. அந்த ஊருக்கு வேறு வேலையாகப் போனால் பாருங்கள். அவற்றுக்காக மட்டும் தனிப் பயணம் வேண்டாம் என்பது என் கருத்து.

அடுத்தது, நான் பாடம் கற்ற இடம். ஓர் அருங்காட்சியகத்துக்கு ஓவியம் சொந்தம் என்பதற்காக அது சுவரில் இருக்கும் என்று அர்த்தமில்லை. ஒரு முறை ஒரே ஓவியத்துக்காக ஒரு நகரத்துக்கு விமானம் ஏறினேன். அந்த அருங்காட்சியகத்தின் பெயர் வேண்டாம். போய்ப் பார்த்தால் சுவரில் ஒரு சின்ன அட்டை: ஓவியம் வெளியூர்க் கண்காட்சிக்கு இரவல் போயிருக்கிறது. அந்த அட்டைக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். டிக்கெட் போடும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அந்த ஓவியத்தின் பக்கத்தைத் திறப்பேன். ‘காட்சியில் உள்ளது’ என்ற குறிப்பும் அறை எண்ணும் இருக்கிறதா என்று பார்ப்பேன். அறை எண் இல்லையென்றால் அது கிடங்கில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வேன். அப்புறம் ஒரு மின்னஞ்சல். அதில் ஓவியத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. ரோத்கோவின் பல ஓவியங்களுக்குப் பெயர் ‘தலைப்பில்லாதது’, இன்னும் பலவற்றுக்கு வெறும் எண்கள். அதனால் அருங்காட்சியகம் அதற்குக் கொடுத்திருக்கும் பதிவு எண்ணைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மூன்று கேள்விகள் கேட்பேன்: இப்போது சுவரில் இருக்கிறதா, நான் வரும் தேதியில் இருக்குமா, அந்த நாள்களில் அந்த அறையை மாற்றியமைக்க மூடுவீர்களா? மரியாதையாக, சுருக்கமாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் மறுபடியும் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன்.

எங்காவது பெரிய ரோத்கோ கண்காட்சி அறிவிக்கப்பட்டால், மற்ற ஊர்களில் சுவர்கள் காலியாகும் என்று புரிந்துகொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பாரிஸின் லூயி வித்தோன் அறக்கட்டளையில் சுமார் 115 ஓவியங்களோடு ஒரு கண்காட்சி தொடங்கி, 2024 ஏப்ரல் வரை நடந்தது. லண்டனின் டேட் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான அவருடைய ஒன்பது சுவரோவியங்களும் அங்கேதான் இருந்தன. அந்தக் குளிர்காலத்தில் அவற்றைத் தேடி லண்டன் போனவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது. இப்படிப்பட்ட கண்காட்சிகள் நல்ல வாய்ப்புதான், ஆனால் கூட்டம் இருக்கும். வார நாளில், திறக்கும் நேரத்துக்கான நுழைவுச்சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

இனி இடங்கள். முதல் பயணத்துக்கு நான் சொல்வது வாஷிங்டன். அங்கே ஃபிலிப்ஸ் கலெக்ஷன் என்ற அருங்காட்சியகத்தில் 1960-ல் அமைத்த ரோத்கோ அறை இருக்கிறது. சின்ன அறை, சுவருக்கு ஒன்றாக நான்கு ஓவியங்கள். நடுவில் ஒரே ஒரு பெஞ்ச். அதைப் போடச் சொன்னதே ரோத்கோதான். பச்சை, ஆரஞ்சு, காவி, சிவப்பு என்று நான்கும் அவருடைய 1950-களைச் சேர்ந்தவை, வெதுவெதுப்பானவை. பிந்தைய கறுப்புகளுக்குப் போகும் முன் கண் இங்கே பழக வேண்டும். திங்கள்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.

அதே நகரில் தேசிய ஓவியக் கூடம். ரோத்கோ அறக்கட்டளை 1986-ல் கொடுத்த கொடையால் உலகிலேயே பெரிய ரோத்கோ தொகுப்பு இதனிடம்தான். கிழக்குக் கட்டடத்தின் கோபுர அறையில் அவருடைய பெரிய ஓவியங்களைத் தொங்கவிடுவது வழக்கம். நுழைவு இலவசம். ஃபிலிப்ஸின் மங்கலான அறைக்கும், மேலிருந்து பகல் வெளிச்சம் இறங்கும் இந்த அறைக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நேரம் இருக்கும், ஆனால் செய்யாதீர்கள். அடுத்தடுத்த நாளில் பாருங்கள். நிறத்தைப் பொறுத்தவரை கண்ணும் களைக்கும். எங்கள் வேலையில் நாற்பது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து சிவப்பைப் பார்த்தவரின் கையெழுத்தை ப்ரூஃபில், அதாவது சோதனை அச்சில், வாங்க மாட்டோம்.

வாஷிங்டனோடு ஹூஸ்டனைச் சேர்த்துக்கொள்ளலாம். கலைச் சேகரிப்பாளர்களான ஜான், டோமினிக் தெ மெனில் தம்பதி 1964-ல் ரோத்கோவிடம் அங்கே ஒரு வழிபாட்டுக்கூடத்துக்கான ஓவியங்களைக் கேட்டார்கள். இன்று அதன் பெயர் ரோத்கோ சாப்பல். நியூயார்க்கில் தன் பட்டறைக் கூரைச் சாளரத்தின் கீழே ஒரு பாராசூட் துணியைக் கட்டி, வெளிச்சத்தை அடக்கி, அவர் வரைந்தார். எண்கோணக் கட்டடம், 14 ஓவியங்கள்: மூன்று சுவர்களில் மும்மூன்றாக ஒன்பது, மீதி ஐந்து தனித்தனி. 1971 பிப்ரவரியில் திறந்தபோது அவர் இல்லை. முந்தைய வருடம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

உள்ளே நுழைந்ததும் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் இருந்தது. எழுந்து போய்விடாதீர்கள். ஏறக்குறைய இருபது நிமிடத்தில் ஓர் ஓவியம் ஊதாவாகத் திரும்பியது. பக்கத்திலிருந்ததன் ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டை எழுந்தது. வெளியே மேகம் ஒன்று கடந்திருக்க வேண்டும், ஏனென்றால் அறை முழுக்க ஒரு மூச்சு இருண்டு மறுபடி வெளுத்தது. அப்போதுதான் புரிந்தது, இங்கே பார்ப்பதற்கு நேரமும் வானிலையும் வேண்டும். அதனால் ஹூஸ்டனுக்குக் குறைந்தது இரண்டு நாள் வையுங்கள். ஒரு நாள் காலையில் போங்கள், மறுநாள் சாயங்காலம் போங்கள். அரைகுறை மேகமுள்ள நாள் கிடைத்தால் அது பாக்கியம். நுழைவு இலவசம், உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

அந்த ஊரின் வெயில் ஓவியங்களுக்கு முதலிலிருந்தே அதிகம். கூரைச் சாளரத்தைப் பல முறை மறைத்தும் மாற்றியும் பார்த்தார்கள். கடைசியாக 2020-ல் புதிய சாளரத்தோடு திறந்தார்கள். 2024 ஜூலையில் பெரில் புயலில் கூரை ஒழுகி, சில ஓவியங்கள் நனைந்து, டிசம்பர் வரை மூடிக் கிடந்தது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அதைத் தவிர்த்து, டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே போவது நல்லது. வெளியே நீர்த்தொட்டியின் நடுவே பார்னெட் நியூமனின் ‘உடைந்த தூபி’ என்ற சிற்பம் நிற்கிறது, மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவுக்கு. கண்ணை ஆற்றிக்கொள்ள அதன் ஓரத்தில் உட்காரலாம். நடந்து போகும் தூரத்தில் மெனில் கலெக்ஷன் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவும் இலவசம். இரண்டுக்கும் விடுமுறை நாள்கள் வேறு, அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

லண்டன் தனிப் பயணம். 1958-ல் நியூயார்க்கின் சீகிராம் கட்டடத்தில் வரவிருந்த ஓர் ஆடம்பர உணவகத்துக்காக ரோத்கோ சுவரோவியங்கள் வரையத் தொடங்கினார். அரக்கும் கறுப்புமாக, கதவும் ஜன்னலும் போன்ற வடிவங்கள். அந்த உணவகத்தில் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்த பிறகு ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். அவற்றில் ஒன்பதை டேட்டுக்குக் கொடுத்தார். அவை லண்டன் வந்து சேர்ந்ததும் அவர் இறந்ததும் ஒரே நாள், 1970 பிப்ரவரி 25. அந்த அறையில் வெளிச்சம் மிகக் குறைவு. வெளியே தேம்ஸ் நதியின் பளபளப்பைப் பார்த்துவிட்டு நேராக உள்ளே போனால் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. உட்கார்ந்து காத்திருங்கள்.

லண்டனில் டேட் இரண்டு உண்டு, எந்த டேட் என்பதை முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். பல வருடம் டேட் மாடர்னில் இருந்த இவை, டேட் பிரிட்டனில் பழைய ஆங்கிலேய ஓவியர் டர்னரின் ஓவியங்களுக்குப் பக்கத்திலும் இருந்திருக்கின்றன. டர்னர் மேல் ரோத்கோவுக்கு இருந்த மதிப்பு, இவற்றை லண்டனுக்குக் கொடுத்ததற்கு ஒரு காரணம். ஓவியங்கள் எங்கே இருந்தாலும், டர்னரின் பிற்காலக் கடல்களை டேட் பிரிட்டனில் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு டேட்டுகளுக்கும் இடையே நதியில் படகு ஓடுகிறது.

அதே தொடரின் ஏழு ஓவியங்கள் ஜப்பானில் சகுரா நகரின் கவமுரா அருங்காட்சியகத்தில் இருந்தன. அது 2025 மார்ச்சில் மூடப்பட்டது. ஓவியங்கள் டோக்கியோவின் ரோப்பொங்கியில் உள்ள ஜப்பான் சர்வதேச இல்லத்துக்குப் போகின்றன. புதிய அறை தயாராகும் வரை ஜப்பான் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பழைய வழிகாட்டிகள் இன்னும் சகுராவுக்குப் போகச் சொல்கின்றன, நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கு ரோத்கோ வரைந்த சுவரோவியங்களையும் திட்டத்தில் வைக்க வேண்டாம். அவற்றுக்கு லித்தால் ரெட் என்ற சிவப்பை அவர் பயன்படுத்தினார். அச்சு மை செய்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். வெயில் பட்டால் ஓடிப்போகும் நிறம். பெரிய ஜன்னல்களுள்ள சாப்பாட்டு அறையில் மாட்டியதால் நிறம் வெளுத்து, 1979-ல் கழற்றி இருட்டில் வைத்துவிட்டார்கள். 2014-ல் ஒரு கண்காட்சியில், இழந்த நிறத்தைப் புரொஜெக்டர் வெளிச்சத்தால் அவற்றின்மேல் பாய்ச்சிக் காட்டினார்கள். நான் போகவில்லை. இன்றைக்கும் அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஆர்வம் பிடித்துக்கொண்டவர்கள் லாட்வியாவின் டவுகவ்பில்ஸுக்குப் போகலாம். 1903-ல் அவர் பிறந்த ஊர், அப்போது அதன் பெயர் த்வின்ஸ்க். பழைய கோட்டைக்குள் ஆயுதக் கிடங்காக இருந்த கட்டடத்தில் 2013 முதல் அவர் பெயரில் கலை மையம் நடக்கிறது. தலைநகர் ரிகாவிலிருந்து ரயில் உண்டு. அசல் ஓவியங்கள் கொஞ்சம்தான், அதனால் இதை முதல் பயணமாக வைக்காதீர்கள்.

அறைக்குள் போனபின் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். பையையும் கோட்டையும் வெளியே வைத்துவிடுங்கள். சுவர்க் குறிப்பைக் கடைசியில் படியுங்கள். ஒரு ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து முதலில் பெஞ்சிலிருந்து, அப்புறம் காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கி, அப்புறம் மறுபடி பெஞ்சிலிருந்து பாருங்கள். ஓரங்களைக் கவனியுங்கள், இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில்தான் அவர் கை தெரியும். பேனாவுக்குப் பல இடங்களில் தடை, பென்சில் கொண்டுபோங்கள். நான் ஒவ்வொரு நிறத்துக்கும் நான்கு மை விகிதத்தைக் குறித்துக்கொண்டு வருவேன். எந்தக் குறிப்பும் சரியாக வந்ததில்லை, ஆனால் குறிக்க முயலும்போது கண் இன்னும் கூர்மையாகிறது.

திரும்பும் டிக்கெட்டை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். முதல் நாள் பார்த்துவிட்டு இரவு படுக்கும்போது, அந்த ஓவியத்தின் மேல் பாதி என்ன நிறம் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பீர்கள், வராது. மறுநாள் திறக்கும் நேரத்துக்கே போய் நிற்க அந்த ஒரு நாள் வேண்டும்.