டெயில் பினியன் பேரிங்கில் பிரீலோட் வைக்கும் முறை

லாரியின் பின் ஆக்சிலைப் பிரித்துக் கட்டும்போது, டெயில் பினியன் (கிரவுன் வீல் என்னும் பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றும் சிறிய பல்சக்கரத் தண்டு) நட்டை முறுக்குவதிலேயே பேரிங்கின் இறுக்கம், அதாவது பிரீலோட், அமைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நசுங்காத ஸ்பேசர் (இடைவெளி காக்கும் உலோக வளையம்) வைத்த ஆக்சிலில் அந்த எண்ணம் தவறு. அங்கே இறுக்கத்தைத் தீர்மானிப்பது இரண்டு பேரிங்குகளின் கோன்களுக்கும் (உள்வளையங்களுக்கும்) நடுவே நிற்கும் ஸ்பேசரின் நீளமே. அது குறைந்தால் கோன்கள் நெருங்கிப் பிரீலோட் ஏறும், கூடினால் இறங்கும்.

கப்புகள் (பேரிங்கின் வெளிவளையங்கள்) ஹவுசிங்கில், அதாவது பினியனைத் தாங்கும் கூட்டில், முழுதாக அமர்ந்துள்ளனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அடியில் சிறு பிசிறு இருந்தாலும் பின்னால் எடுக்கும் அளவெல்லாம் பொய்யாகிவிடும். பேரிங்குகளுக்கு ஆக்சில் ஆயிலைத் தடவி, ஆயில் சீல் போடாமல், கிரவுன் வீலுடன் சேர்க்காமல், பினியனை மட்டும் ஹவுசிங்கில் கோத்து, ஹவுசிங்கைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவு வரை முறுக்க வேண்டும். சுற்றாமல் முறுக்கினால் ரோலர்கள் சரியாக அமராது, கப்பில் தடமும் பதியக்கூடும். பாதி முறுக்கும்போதே ஹவுசிங் சுற்ற மறுத்தால் ஸ்பேசர் குட்டை என்று பொருள். அதற்கு மேல் முறுக்கக் கூடாது.

இனி அளவெடுக்கலாம். பினியன் முனையில் உள்ள ஃபிளாஞ்சை (இணைப்புத் தட்டை) வைஸில் பிடித்து, ஹவுசிங்கின் கடைந்த வெளிவட்டத்தில் சணல் கயிற்றைச் சில சுற்று சுற்றி, அதன் நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி, ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். கிளம்பும் நொடியில் முள் எகிறும். அதைக் கணக்கில் கொள்ளாமல், சீராகச் சுற்றும்போது முள் நிற்கும் இடத்தையே குறிக்க வேண்டும். வெளிவிட்டம் 150 மி.மீ. என்றால் ஆரம் 7.5 செ.மீ.; தராசு 3 கிலோ காட்டினால் பிரீலோட் 22.5 கிலோ-செ.மீ., அதாவது ஏறத்தாழ 2.2 நியூட்டன் மீட்டர். இதைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். ஓடிய பேரிங்கையே திரும்பப் போட்டால், அதற்கெனத் தந்துள்ள அளவையே பார்க்க வேண்டும்; பெரும்பாலும் அது புதிய பேரிங்கின் அளவைவிடக் குறைவாக இருக்கும்.

அளவு குறைந்தால் ஒரு படி குட்டையான ஸ்பேசரையும், கூடினால் நீளமானதையும் மாற்றிப் போட்டு, நட்டை மறுபடி முழு டார்க்குக்கு முறுக்கி அளக்க வேண்டும். குட்டை ஸ்பேசர் கையில் இல்லாதபோது கண்ணாடிப் பலகையில் எமரித்தாள் விரித்துத் தேய்ப்பதுண்டு. அப்படிச் செய்தால் மைக்ரோமீட்டரால் நான்கு இடங்களில் அளந்து, எங்கும் ஒரே நீளம் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

தொழில் பழகிய நாளில், சுற்றக் கடினமாக இருந்த பினியனுக்கு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி வண்டியை அனுப்பினேன். பிடிப்பு இழந்த பினியன் சுமையில் பின்வாங்கிப் பல் பதியும் இடம் மாறியதால், ஒரு மாதத்தில் ஊளைச் சத்தத்தோடு வண்டி திரும்பி வந்தது. அளவுக்கு மீறிய இறுக்கமும் பேரிங்கைச் சூடேற்றி, ரோலர்களை நீலம் பாயவைத்துவிடும்.

நசுங்கும் ஸ்பேசர் உள்ள ஆக்சிலில் மட்டும் நட்டைச் சிறிது சிறிதாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து செல்ல வேண்டும். அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வழியில்லை. புது ஸ்பேசர்தான் போட வேண்டும்.

நசுங்காத ஸ்பேசர் வைத்த ஆக்சிலில், அளவு சரியான பிறகே நட்டைக் கழற்றி, ஆயில் சீலைப் பொருத்தி, மீண்டும் அதே டார்க்குக்கு முறுக்கிப் பூட்ட வேண்டும்.