நான்கு சேனலில் ஒரு பெரிய மேளம்: தனியாகக் கேம் பாய் விளையாட்டும் இசையும் செய்வது எப்படி?

இசையையும் விளையாட்டையும் ஒருவரே செய்யும்போது, இசையைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதே பெரும்பாலும் வழக்கம். முதலில் மேளத்தை அமையுங்கள், பிறகு அந்த மேளத்துக்கு ஏற்ற விளையாட்டைச் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஊர்களில் கல்யாணத்திலும் சுவாமி புறப்பாட்டிலும் நாயனம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான வேலையாக இராது. நம் பெரிய மேளம் நாயனம் (நாகஸ்வரம்), சுருதியை விடாமல் பிடிக்கும் ஒத்து, தவில், கையில் தட்டும் உலோகத் தாளம் என்ற நான்கு குரல்களால் ஆனது. 1989-இல் வெளிவந்த கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயிலும் ஒலிக்கு நான்கு சேனல்கள், அதாவது நான்கு தனி ஒலி வழிகள்தாம்.

அந்த நான்கில் இரண்டு பல்ஸ் (சதுர அலை) சேனல்கள், ஒன்று வேவ் (நாமே வரையும் அலை) சேனல், ஒன்று நாய்ஸ் (இரைச்சல்) சேனல். நாயனத்தை முதல் பல்ஸ் சேனலில் வைத்து, அலையின் அகலத்தை 12.5 அல்லது 25 விழுக்காடாக அமையுங்கள். 50 விழுக்காட்டில் குழைந்து ஒலிக்கும் அந்தச் சேனல் இந்த அளவுகளில் நாயனத்தில் வாய்வைத்து ஊதும் சீவாளியின் கூர்மையை நினைவூட்டும். ஒத்துக்கு வேவ் சேனலே பொருத்தம், ஏனெனில் 32 புள்ளிகளில் அலையின் வடிவத்தை நாமே வரையலாம், ஒலியும் தானாகத் தேயாமல் நிலையாக நிற்கும். தவிலின் ஆழ்ந்து ஒலிக்கும் பக்கமான தொப்பியை இரண்டாம் பல்ஸ் சேனலில் கீழ்நோக்கி வழுக்கும் குறுகிய ஒலியாகவும், கூர்ந்து ஒலிக்கும் மறுபக்கமான வலந்தலையை நாய்ஸ் சேனலிலும் வையுங்கள். நாய்ஸ் சேனலுக்கு 15 பிட், 7 பிட் என்று இரண்டு நிலைகள் உண்டு. 15 பிட்டில் தோலின் அடி கிடைக்கும், 7 பிட்டில் உலோகச் சாயல் வருவதால் தாளத்துக்கு அது போதும். கருவியின் சிறிய ஒலிபெருக்கியில் ஆழ்ந்த ஒலிகள் காணாமற்போகும் என்பதால், தொப்பியைச் சற்று மேலே ஏற்றி அமைப்பது நல்லது.

முதல் முயற்சியில் நான் ஒத்தை இரண்டாம் பல்ஸ் சேனலில் வைத்திருந்தேன். தெருவில் குடியிருக்கும் தவில்காரர் ஒருவரிடம் கொடுத்து விளையாடச் சொன்னபோது, அவர் திரையைப் பார்க்காமல் காதை மட்டும் கொடுத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒத்து ஏன் அறுந்து அறுந்து வருது?" என்றார். என் விளையாட்டில் வாய்க்காலின் மதகு திறக்கும் ஒலியை நான் அதே சேனலுக்குக் கொடுத்திருந்ததால், மதகு திறக்கும்போதெல்லாம் சுருதி நின்றுபோயிருந்தது. ஒலி விளைவு ஒன்று சேனலைப் பிடித்துக்கொண்டால் அங்கே ஓடும் இசை அந்த நேரத்துக்கு மறைந்துவிடும் என்பதால், எந்தக் குரலை எப்போதும் அறுக்கக் கூடாது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். எனக்கு அது ஒத்து. விளைவுகள் அனைத்தையும் தவிலின் சேனல்களுக்கு மாற்றினேன்.

ஆரம்பத்தில் மோகனம் போன்ற ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சுரங்களும் பெரும்பாலும் நேராகவே நிற்கலாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுவிட்டு உடனே தோடிக்குப் போகும் ஆசை எனக்கும் இருந்தது; ஆனால் தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டிருப்பது, அந்த அசைவும் ஒரே சீரானதன்று. இசையை வரிவரியாக எழுதும் மென்பொருளான டிராக்கரில் உள்ள வைப்ரேட்டோ (சுரத்தை ஆட்டும்) கட்டளை ஒரே அளவில் ஆட்டுவதால் அதைக் கமகம் என்று கொள்ள முடியாது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழுக்கும் கட்டளையை வரிக்கு வரி கையால் எழுதுங்கள்.

இதில் ஒரு கணக்கை அறிந்திருக்க வேண்டும். பல்ஸ் சேனலில் சுரத்தைக் குறிக்கக் கொடுக்கும் பதிவெண்ணை 2048-இலிருந்து கழித்து, வரும் எண்ணால் 131072-ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். இரண்டு கட்டைச் சட்ஜமத்துக்குப் பதிவெண் 1602. அங்கே ஒரு படி நகர்ந்தால் ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவாகவே மாறும். மேல் சட்ஜமத்துக்கு 1825. அங்கே ஒரு படி என்பது இரண்டரை ஹெர்ட்ஸுக்கு மேல். ஆகவே கீழ் ஸ்தாயியில் அழகாக இழைந்த இழுப்பை அப்படியே மேலே எழுதினால் அசைவு இரு மடங்காகித் தடுமாறும். மேல் ஸ்தாயியில் இழுப்பின் எண்ணைப் பாதியாக்குங்கள்.

தாளம் எளிதாகவே அமையும். கேம் பாய்க்கான டிராக்கரான ஹியூஜ்டிராக்கரில் ஒரு பேட்டர்னுக்கு, அதாவது பாடலின் ஒரு பகுதிக்கு, 64 வரிகள். அட்சரத்துக்கு நான்கு வரி வைத்தால் ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம் (சுற்று) சரியாக அடங்கும். ஐந்தின் கணக்கில் ஓடும் கண்டசாபுக்கு 60 வரிகளோடு பேட்டர்னை முறிக்கும் கட்டளையைப் போடுங்கள். ஒரு வரி எத்தனை டிக் (கருவியின் சிறு கால அலகு) நீடிக்கும் என்பதை முழு எண்களில்தான் கொடுக்க முடியும். வரிக்கு 7 டிக்குக்கும் 8 டிக்குக்கும் இடைப்பட்ட காலப்பிரமாணம் நேரடியாகக் கிடைக்காது என்பதை மனத்தில் வைத்தே பாடலை அமையுங்கள்.

இப்போது விளையாட்டுக்கு வரலாம். நிரல் எழுதத் தெரியாதவர்கள், கேம் பாய் விளையாட்டுகளை உருவாக்கும் இலவச மென்பொருளான ஜிபி ஸ்டுடியோவில் தொடங்கலாம். திரை 160-க்கு 144 புள்ளிகள், அதாவது 20-க்கு 18 கட்டங்கள். நான் செய்துவரும் விளையாட்டில் அந்தக் கட்டங்கள் வயல்கள். ஜூன் 12-இல் மேட்டூர் அணையில் திறந்த தண்ணீரை வாய்க்கால் வழியாகக் கடைமடை வரை கொண்டுசேர்ப்பதே ஆட்டம். தொடக்கத்தில் ஒத்து மட்டும் ஒலிக்கும். முதல் மதகு திறந்ததும் தாளம் சேரும், நடுவயலில் நீர் பாய்ந்ததும் தவில் சேரும், கடைமடை நனைந்த பிறகே நாயனம் எழும். ஜிபி ஸ்டுடியோவின் இசையை இயக்கும் ஹியூஜ்டிரைவரில் ஒரு சேனலை மட்டும் மௌனமாக்க முடியும். மௌனத்திலும் பாட்டு நகர்ந்துகொண்டே இருப்பதால், பிறகு சேரும் குரல் தாளம் தவறாமல் சேரும். மதிப்பெண் எண்ணிக்கையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன், ஏனெனில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதை மேளமே சொல்லிவிடுகிறது.

தமிழ் எழுத்தைக் கைவிடாதீர்கள். 8-க்கு 8 புள்ளிக் கட்டத்தில் ணை, ஞ போன்றவை நசுங்கும். இரண்டு கட்ட உயரத்தில் சொற்களைப் படமாக வரைந்துகொள்ளுங்கள். கறுப்பு வெள்ளை நிலையில் ஒரு பின்னணிக்கு 192 வேறுவேறு கட்டங்கள் என்ற வரம்பு இருப்பதால், சொற்கள் குறைவாகவே இருக்க வேண்டும்.

பழைய கீர்த்தனையை எடுத்தாள நினைத்தால், 1847-இல் மறைந்த தியாகராஜரின் மெட்டுக்குத் தடை இல்லை; ஆனால் ஒரு வித்துவானின் ஒலிப்பதிவிலிருந்து துண்டு எடுப்பது வேறு விஷயம், அதற்கு உரிமையும் அனுமதியும் வேண்டும். நான் துண்டு எடுப்பதே இல்லை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் கருவியின் ஒலியை நான்கு பிட்டில் நகலெடுத்தால் அந்தக் கருவிக்கும் மரியாதை இல்லை, கேம் பாய்க்கும் மரியாதை இல்லை.

வெளியிடும்போது, விளையாட்டுகளை விற்கும் இட்ச் (itch.io) தளத்தில் விலையை வாங்குபவரே முடிவுசெய்யும்படி வைக்கலாம். பாடல்களைத் தனித் தொகுப்பாகவும், டிராக்கர் கோப்புகளைத் திறந்த உரிமத்திலும் சேர்த்துக் கொடுங்கள்; அடுத்து நாயனம் எழுத வருபவர் உங்கள் இழுப்புகளை வரிக்கு வரி திறந்து பார்க்க முடியும்.