பங்கான் தீவில் படுக்கை பிடிக்கும் முன்: ஹாட் ரின்னில் செய்யக்கூடாத தவறுகள்

தாய்லாந்தில் முழுநிலா பார்ட்டிக்குப் பேர்போன கோ பங்கான் தீவுக்கு முதல் தடவை போனபோது தூரத்தை மட்டும் பார்த்து ஹாஸ்டல் பிடித்தேன். "கடற்கரைக்கு 150 மீட்டர்" என்று போட்டிருந்தது. எட்டுப் பேர் படுக்கும் டார்ம், வாடகையும் குறைவு, உடனே பணத்தைக் கட்டிவிட்டேன். அந்த 150 மீட்டருக்கு நடுவில் ஒரு பார் இருக்கிறது, அதன் ஸ்பீக்கர் எங்கள் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது என்பதெல்லாம் போய்ப் படுத்த பிறகுதான் தெரிந்தது. எனக்குக் கிடைத்தது மேல் கட்டில். பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் இரும்பு ஏணி கடகடவென்று ஆடியது. தலைமாட்டுப் பலகையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, விடிகாலை நாலு மணிவாக்கில் கீழ்க் கட்டில்காரர் மேல் விழுந்தது. அவர் திட்டவில்லை. அவரும் முழித்துக்கொண்டுதான் கிடந்தார்.

இப்போதெல்லாம் எந்த ஹாஸ்டலைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, காலை நாலு மணிக்கு இந்த இடம் எப்படி இருக்கும் என்பதுதான். திரும்பி வர வழி இருக்குமா, கதவைத் திறக்க ஆள் இருக்குமா, படுத்தால் தூக்கம் வருமா? சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா ஹாஸ்டலும் அழகாகத்தான் இருக்கும்.

தீவின் அமைப்பு தெரியாவிட்டால் இதைக் கணிக்க முடியாது. பங்கான் தாய்லாந்து வளைகுடாவில், சாமுயி தீவுக்கு வடக்கே இருக்கிறது. விமான நிலையம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். தென்கிழக்கு மூலையில் நாக்கு மாதிரி நீண்டிருப்பது ஹாட் ரின். 1980களில் சின்னதாகத் தொடங்கி, இன்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடும் முழுநிலா பார்ட்டி நடப்பது இங்கேதான். ஆனால் ஹாட் ரின்னுக்கு இரண்டு கடற்கரை உண்டு. கிழக்கே சூரியன் உதிக்கும் பக்கம் ஹாட் ரின் நோக், மேற்கே அஸ்தமிக்கும் பக்கம் ஹாட் ரின் நை. தாய்லாந்து மொழியில் நோக் என்றால் வெளியே, நை என்றால் உள்ளே. கூத்து முழுவதும் நோக் மணலில். நை பக்கத்திலிருந்து அங்கே போய்ச் சேர நடந்தால் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிட நடைக்குச் சோம்பல்பட்டு நோக் மணலை ஒட்டியே படுக்கை பிடிப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. நான் செய்ததும் அதேதான்.

வரைபடத்தில் காட்டும் மீட்டர் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். நடுவில் ஒரு மேடு இருந்தால் 400 மீட்டர் என்பது இருட்டில் படியேறும் வேலை. தெருப் படங்களைத் திறந்து பாதையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் ஆபத்தானது. ஹாட் ரின்னில் விலை ஏறிவிட்டது என்று, படகுத்துறை இருக்கும் தோங் சாலாவிலோ வழியில் உள்ள பான் தாயிலோ மலிவாகப் பிடித்துவிட்டு, "பத்து கிலோமீட்டர்தானே, ஸ்கூட்டரில் போய் வரலாம்" என்று நினைப்பது. தூரம் அவ்வளவுதான், ஆனால் சாலை அப்படியல்ல. பான் தாயைத் தாண்டியதும் மலை ஏற்றம். சில இறக்கங்களில் முன்னால் போகிற வண்டி காணாமலே போய்விடும், அவ்வளவு செங்குத்து. வளைவுகளில் மணல் கிடக்கும். பகலில் நிதானமாகப் போனாலே கைப்பிடியில் வியர்க்கும் பாதை அது. குடித்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில், எதிரே வருகிறவனும் அதே நிலையில் இருக்கும்போது நாலு மணிக்கு ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். அந்தத் தீவில் முட்டியிலும் முழங்கையிலும் கட்டோடு திரியும் வெள்ளைக்காரர்களைப் பார்க்கலாம். அந்தச் சிராய்ப்புக்கு "தாய் டாட்டூ", அதாவது தாய்லாந்துப் பச்சை என்று கேலிப் பெயரே உண்டு.

வண்டி எடுத்தே ஆக வேண்டுமென்றால், நம் ஊர் லைசென்சில் இருசக்கர வாகன அனுமதி இருக்க வேண்டும். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கும்போது அந்தப் பிரிவும் அதில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். கார் ஓட்ட மட்டும் அனுமதி உள்ளவர் அங்கே வாடகைக்குக் கிடைக்கும் 125 சிசி ஸ்கூட்டரை ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். கடைக்காரர் கேட்க மாட்டார். விழுந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு இன்சூரன்ஸ்காரர் கேட்பார். வண்டிக்கு ஈடாக பாஸ்போர்ட்டையே கேட்கும் கடைகளும் உண்டு. கொடுக்காதீர்கள், பண டெபாசிட் வாங்கிக்கொள்ளும் கடையாகத் தேடுங்கள்.

வண்டி வேண்டாம் என்றால் இருப்பது சோங்தேவ். பின்னால் இரண்டு வரிசை பெஞ்சு போட்ட பிக்கப், நம் ஷேர் ஆட்டோவின் அண்ணன். பார்ட்டி இரவில் இவை வந்துபோய்க்கொண்டே இருக்கும். சாதாரண நாளில் நடுராத்திரிக்கு மேல் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஓட்டுநர் சொல்வதுதான் விலை. மலிவு ஹாஸ்டலில் மிச்சம் பிடித்ததை இரண்டு ராத்திரியில் அவரிடம் கொடுத்துவிடுவீர்கள்.

தேதியில் ஏமாறுகிறவர்களும் நிறைய. நம் வீட்டு நாள்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போட்டுவிடக் கூடாது. விசாக பூஜை மாதிரியான பௌத்தத் திருநாட்கள் பௌர்ணமியில்தான் வரும். அப்போது பார்ட்டியைத் தள்ளி வைப்பார்கள். அந்த மாதத்துக்கு அறிவித்த தேதியைப் பார்த்த பிறகே படுக்கை. அந்த வாரத்தில் பல ஹாஸ்டல்கள் ஓரிரு இரவுக்குத் தராமல், நாலைந்து இரவு சேர்த்து எடுத்தால்தான் தருவோம் என்பார்கள். முழுநிலா மாதிரியே தனியாக நடக்கும் அரைநிலா பார்ட்டிக்கு வருகிறவர்கள் ஹாட் ரின்னில் அறை எடுப்பது இன்னொரு வேடிக்கை. அது நடப்பது பான் தாய் பக்கத்துக் காட்டுக்குள். அதற்குப் போகிறவருக்கு பான் தாய்தான் சரி. பௌர்ணமி முடிந்த பத்தாம் நாள் ஹாட் ரின்னுக்குப் போனால் பாதிக் கடை அடைத்திருக்கும், தெருவில் நாய்கள்தான். வாடகை மலிவாக இருப்பதன் ரகசியம் அது.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் ரத்து செய்ய முடியாத புக்கிங் போடவே கூடாது. சென்னையை நனைக்கிற அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கேயும் கொட்டுகிறது. கடல் பொங்கினால் படகு ஓடாது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் புக்கெட்டில் அந்தச் சமயத்தில் மழை குறையத் தொடங்கும், அதை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள்.

இனி ரிவ்யூ. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து எந்தப் பயனும் இல்லை. "சூப்பர் இடம், வாழ்நாள் நண்பர்கள் கிடைத்தார்கள்" என்று பத்துக்குப் பத்து போட்டவர் தூங்க வந்தவர் அல்ல. பார்ட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாஸ்டல் வேறு, தானே பார்ட்டி நடத்தும் ஹாஸ்டல் வேறு. இரண்டாவது ரகத்தில் நீச்சல் குளத்தோரமே பகலில் பாட்டு ஆரம்பித்துவிடும். நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்களைத் தேடிப் படியுங்கள், குறை நிறை இரண்டையும் சொல்வது அவர்கள்தான். சத்தம், மூட்டைப்பூச்சி, லாக்கர், ஏசி என்று தேடுங்கள். ஏசி ராத்திரி மட்டும்தான் ஓடும் என்கிற இடத்தில், காலை ஏழு மணிக்குப் படுக்கிறவருக்கு வேர்க்குரு நிச்சயம். ரிவ்யூ எழுதியவர் பௌர்ணமி வாரத்தில் தங்கினாரா என்பதையும் தேதியை வைத்துப் பார்த்துவிடலாம்.

பார்ட்டி இரவில் விடுதிகள் காலியாகக் கிடக்கும் என்பது திருடனுக்கும் தெரியும். லாக்கர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், பை முழுசாக உள்ளே போகுமா என்று கேளுங்கள். பூட்டு நாமே கொண்டுபோக வேண்டிய இடங்கள்தான் அதிகம், ஒரு சின்னப் பூட்டு வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ராத்திரி முழுக்க வரவேற்பில் ஆள் இருப்பாரா என்பதைச் செய்தி அனுப்பியே உறுதி செய்துகொள்ளலாம். பெண்கள் மட்டும் தங்கும் டார்ம் வேண்டுமென்றால் சீக்கிரம் பிடியுங்கள், அவைதான் முதலில் தீரும். பொருள் போனால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு பலர் கோட்டை விடுவது மறுநாள் காலையில்தான். ஆறரை மணிக்குக் கால் முழுக்க மணலோடு வந்து படுப்பீர்கள். செக் அவுட் பதினோரு மணிக்கு. ஒரு இரவு கூடுதலாகக் கட்டி வைத்திருந்தால் மதியம் வரை தூங்கலாம். இல்லையென்றால் கண்ணெரிச்சலோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பாதித் தீவு ஏற நினைக்கும் அதே படகுக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.