பழைய ராணுவ வண்டிக்கு சஸ்பென்ஷன் பாகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ராணுவ வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. இன்ஜின் பாகம் தேடுவதுதான் கஷ்டம், சஸ்பென்ஷன் பாகம் சுலபம் என்பார்கள். பட்டை (அதாவது லீஃப் ஸ்பிரிங்), பட்டையின் முனையைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிள், அந்த இணைப்பில் உறையாக வரும் புஷ், ஷாக் அப்சார்பர், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் நான் பார்த்த வரையில், தப்பான பாகம் வாங்கிப் பணத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். தப்பான கார்புரேட்டர் உட்காரவே உட்காராது, அன்றைக்கே தெரிந்துவிடும். தப்பான பட்டை உட்கார்ந்துவிடும். வண்டியும் ஓடும். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும், பள்ளத்தில் விழும்போது ஷாக் அப்சார்பர் பிராக்கெட் பிய்வதும் பிறகுதான் வரும்.

ஆகவே தேடலில் இறங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வண்டியில் இப்போது என்ன மாட்டியிருக்கிறது? அதில் என்ன மாட்டியிருக்க வேண்டும்? இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வதில்தான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது

"ஜீப்புக்கு ஸ்பிரிங் வேண்டும்" என்று கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லாததற்குச் சமம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜீப்புகளான வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டும் ஒரே வடிவமைப்பு, அதனால் ஒன்றின் பட்டை இன்னொன்றுக்குப் பொருந்தும். இரண்டிலும் பட்டையின் அகலம் 1¾ அங்குலம். போருக்குப் பிறகு வந்த எம்38ஏ1 ஜீப்புக்கும் அதே 1¾ அங்குலம்தான். ஆனால் அதன் வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 80-லிருந்து 81 அங்குலமாகிவிட்டது, பட்டையும் நீளமாகிவிட்டது. வெறும் அகலத்தை அளந்து வாங்குகிறவர் இங்கேதான் ஏமாறுவார்.

அதற்கும் பிறகு வந்த அமெரிக்க ராணுவ ஜீப்பான எம்151 இன்னும் மோசம். அதில் பட்டையே கிடையாது, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக காயில் ஸ்பிரிங். பின் சஸ்பென்ஷனின் ஸ்விங் ஆக்சில் அமைப்பால் வேகமாகத் திரும்பும்போது வண்டி கவிழ்ந்துவிடும் என்ற கெட்ட பெயர் வந்தது. அதனால் எம்151ஏ2-வில் பின்பக்க அமைப்பையே மாற்றிவிட்டார்கள். ஆக, எம்151 என்று மட்டும் சொல்லிப் பின் சஸ்பென்ஷன் கை (ஆர்ம்) ஒன்றை வாங்கினால், வந்து சேருவது உங்கள் வண்டிக்கானதாக இல்லாமல் போகலாம்.

சரி, டேஷ்போர்டில் இருக்கும் டேட்டா பிளேட்டைப் பார்த்தால் போதாதா? போதாது. ராணுவ வண்டிகள் பணிக்காலத்திலேயே டெப்போக்களில் முழுசாகப் பிரித்து மறுபடியும் கோக்கப்பட்டவை. ஒரு வண்டியின் சேஸியில் இன்னொன்றின் ஆக்சில், மூன்றாவதன் ஷாக்கிள் என்று இருப்பது சகஜம். விற்பனைக்கு வந்தபிறகு ஒவ்வொரு சொந்தக்காரரும் கைவசம் கிடைத்ததை மாட்டியிருப்பார். டேட்டா பிளேட் வண்டி எப்படிப் பிறந்தது என்று சொல்லும். இன்றைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் படுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணைப் படிக்கத் தெரியாமல் தேடுவது

ராணுவ வண்டிகளில் ஒரு பெரிய வசதி உண்டு. எல்லாப் பாகத்துக்கும் எண் இருக்கிறது, அந்த எண்களுக்கு ஓர் ஒழுங்கும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வெறும் படத்தைப் பார்த்து ஒப்பிட்டு வாங்குவது அந்த வசதியை வீணடிப்பது.

அமெரிக்க வண்டிகளுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஜி எண், அதாவது ஒவ்வொரு வண்டி வகைக்கும் ராணுவம் கொடுத்த பட்டியல் எண். போர்க்கால ஜீப்புக்கு ஜி503, டாட்ஜ் முக்கால் டன் வண்டிக்கு ஜி502, ஜிஎம்சி இரண்டரை டன் லாரிக்கு ஜி508, எம்38-க்கு ஜி740, எம்38ஏ1-க்கு ஜி758, எம்37-க்கு ஜி741, எம்35 லாரிக்கு ஜி742. பழைய பாகப் பட்டியல்கள் எல்லாம் இந்த எண்ணில்தான் தொகுக்கப்பட்டிருக்கின்றன. பழைய சரக்குப் பெட்டிகளின் மேலும் இது அச்சாகியிருக்கும்.

அடுத்தது நேட்டோ இருப்பு எண், ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாகக் கொடுக்கப்படுவது. மொத்தம் 13 இலக்கம். முதல் நான்கு, பாகம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். ஸ்டீயரிங், பிரேக், ஆக்சில், வீல் சமாச்சாரங்கள் 2530-இல் வரும். அதற்கடுத்த இரண்டு இலக்கம் எந்த நாடு அந்த எண்ணைக் கொடுத்தது என்பது: 00, 01 என்றால் அமெரிக்கா, 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 99 பிரிட்டன். மீதி ஏழு இலக்கம்தான் அந்தப் பாகத்துக்கே உரியது.

இங்கே பலரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. 1970களின் நடுப்பகுதிக்கு முந்தைய கையேடுகளில் எண் 11 இலக்கம்தான் இருக்கும், நாட்டுக்கான இரண்டு இலக்கம் அதில் இருக்காது. அதை அப்படியே தேடுபெட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் வரவில்லை, பாகமே கிடையாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அமெரிக்க எண்ணாக இருந்தால் முதல் நான்கு இலக்கத்துக்குப் பிறகு 00 சேர்த்துத் தேடுங்கள். இல்லாத பாகம் திடீரென்று நாலு இடத்தில் தலைகாட்டும்.

கையேட்டிலும் கவனம் வேண்டும். அமெரிக்க ராணுவக் கையேட்டு எண்ணின் கடைசியில் 10 என்று இருந்தால் அது ஓட்டுநருக்கானது. எண்ணெய் எங்கே ஊற்றுவது, டயரில் எவ்வளவு காற்று என்பதெல்லாம் அதில் இருக்கும், பாக எண் இருக்காது. 20, 34 போன்ற எண்ணோடு பி என்ற எழுத்தும் சேர்ந்திருப்பதுதான் பாகப் பட்டியல். அதில் ஒவ்வொரு துண்டையும் பிரித்து வரைந்த படமும், ஒன்றுக்கு எத்தனை வேண்டும் என்ற கணக்கும் இருக்கும்.

இடதும் வலதும் ஒன்றுதான் என்று நினைப்பது

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். பட்டையை ஜோடியாக மாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் ஜோடி என்றதும் ஒரே மாதிரி இரண்டு வாங்கிவிடுகிறார்கள்.

போர்க்கால ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். பெட்ரோல் டேங்க் அவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. இடது முன் பக்கம் எப்போதும் கூடுதல் சுமை தாங்குகிறது. அதனால் முன்பக்கத்தில் இடது பட்டைக்கும் வலது பட்டைக்கும் தனித்தனி எண், தனித்தனி விறைப்பு. இது போதாதென்று இடது முன் பட்டைக்கு அடியில் டார்க் ரியாக்ஷன் ஸ்பிரிங் என்று சின்னதாக ஒன்று கூடுதலாக வரும். பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவது அதன் வேலை. பல வண்டிகளில் இது காணாமலே போயிருக்கும். முந்தைய சொந்தக்காரர் தேவையில்லாத துண்டு என்று கழற்றிப் போட்டிருப்பார். வண்டியில் இல்லாததை யாரும் தேடமாட்டார்கள், அதனால் அது திரும்ப வருவதும் இல்லை. பாகப் பட்டியலின் படத்தை வண்டியோடு துண்டு துண்டாக ஒப்பிட்டால்தான் இது கண்ணில் படும்.

அதே வண்டியின் ஷாக்கிள் இன்னும் நுணுக்கமானது. யு வடிவத்தில் வளைந்த கம்பி, இரண்டு காலிலும் மரை, அதன் மேல் மரை போட்ட புஷ். நான்கு ஷாக்கிளுக்கு மொத்தம் எட்டு புஷ். அதில் ஆறு வலது மரை, இரண்டு மட்டும் இடது மரை. அதாவது இரண்டு ஷாக்கிள்களில் ஒரு கால் எதிர்ப்புறமாகச் சுற்றும். அழுக்கும் கிரீசும் மூடியிருக்கும்போது வித்தியாசமே தெரியாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இடது மரை உள்ள ஷாக்கிளின் கீழ்க்காலில் இரும்போடு சேர்ந்த ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். இடது மரை புஷ்ஷின் அறுகோணத் தலையைச் சுற்றி ஒரு கோடு வெட்டியிருக்கும். வலது மரை புஷ்ஷின் தலை வழுவழுப்பாக இருக்கும். இதைக் கவனிக்காமல் ஸ்பேனரைப் போட்டு வலது மரை என்றே திருகினால் கழற்றுவதற்குப் பதில் இறுக்கிக்கொண்டே போவீர்கள், நல்ல பாகமும் உடைந்துவிடும். எட்டும் வலது மரையாக ஆர்டர் போட்டாலும் கதை அதேதான், இரண்டு புஷ் மாட்டவே மாட்டாது. கழற்றுவதற்கு முன் எந்த மூலையில் எது இருக்கிறது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சீரிஸ் லேண்ட்ரோவர்களிலும் ஓட்டுநர் பக்கப் பட்டை வேறு, மற்றது வேறு. வலப்பக்க ஸ்டீயரிங் நாட்டிலிருந்து வந்த வண்டியா, இடப்பக்கமா என்பதைப் பொறுத்து எது எந்தப் பக்கம் என்பதும் மாறும்.

கவச வாகனம் வைத்திருப்பவர்கள் டார்ஷன் பார் விஷயத்தில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். எம்113 போன்றவற்றில் இருக்கும் அந்த உருக்குக் கம்பி ஒரே திசையில் முறுக்கப்படுவதற்கென்றே தயாராவது. எந்தத் திசை என்பதைக் காட்ட முனையில் அம்புக்குறி இருக்கும். ஒரு பக்கம் ஓடிய கம்பியை மறுபக்கம் மாட்டினால் ஒடிந்துபோகும். மேல்பூச்சு உரிந்து, கீறல் விழுந்து, அதில் துருவும் ஏறிய கம்பியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒடிவது அந்தக் கீறலிலிருந்துதான். இன்னொன்று, கவச வாகனப் பாகங்களை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப அரசு அனுமதி தேவைப்படலாம். பணம் கட்டுவதற்கு முன்பே விற்பவரிடம் அதைக் கேட்டுவிடுங்கள்.

தொய்ந்துபோன பட்டையை அளவுகோலாக வைப்பது

பட்டறைக்குப் பழைய பட்டையைக் கொண்டுபோய் "இதே மாதிரி செய்து கொடுங்கள்" என்றால் அவர்களும் அதே மாதிரிதான் செய்து கொடுப்பார்கள், தொய்வோடு சேர்த்து. வளைவின் அளவை மட்டும் பழைய பட்டையிலிருந்து எடுக்கவே கூடாது, கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மற்ற அளவுகளைப் பழைய பட்டையிலிருந்து தாராளமாக எடுக்கலாம். பட்டையின் அகலம், அதில் அடுக்கிய ஒவ்வொரு தகட்டின் தடிமன், எத்தனை தகடு, கண்ணின் (முனையில் சுருட்டிய வளையத்தின்) உள்விட்டம். நீளத்தை இரண்டு கண்களுக்கு நடுவே நேராக நூல் பிடித்து அளக்காமல், மிக நீளமான மெயின் தகட்டின் வளைவை ஒட்டியே அளக்க வேண்டும். தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டிலிருந்து முன் கண்ணுக்கு எவ்வளவு, பின் கண்ணுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் குறியுங்கள். சென்டர் போல்ட் என்று பெயர்தான், பல வண்டிகளில் அது நட்டநடுவில் இருக்காது. அரை அங்குலம் மாறினாலும் ஆக்சில் முன்னே பின்னே நகர்ந்துவிடும், வண்டி கோணலாக ஓடும்.

பழைய பட்டைக்கே வளைவு கொடுத்துப் பயன்படுத்தலாமா என்றால், விரிசல் இல்லாவிட்டால் செய்யலாம். ஆனால் கேஸ் டார்ச்சால் சூடுகாட்டி வளைக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும், சில மாதத்தில் மறுபடி தொய்யும், இல்லாவிட்டால் அங்கேயே ஒடியும். பதம் போடத் தெரிந்த ஸ்பிரிங் பட்டறை வேண்டும். ஒடிந்த பட்டைக்கு வெல்டிங் வைப்பதை யோசிக்கவே வேண்டாம்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்றால் கண்ணை மூடி வாங்குவது

ராணுவக் கிடங்கிலிருந்து வந்த, மெழுகுத்தாள் சுற்றிய பழைய சரக்கைப் பார்த்தால் மனசு இளகத்தான் செய்யும். ஷாக்கிள், யு போல்ட் (பட்டையை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யு வடிவ போல்ட்), பட்டை போன்ற வெறும் இரும்புச் சாமான் என்றால் அது பெரும்பாலும் பொக்கிஷம்தான். பிசின்போல ஒட்டியிருக்கும் பாதுகாப்பு கிரீசைக் கழுவிவிட்டு, துருவால் குழி விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ரப்பர் அப்படியில்லை. பயன்படுத்தாவிட்டாலும் அதற்கு வயதாகும். பல பத்தாண்டு கிடங்கில் இருந்த ரப்பர் புஷ் நகத்தால் அழுத்தினால் கல்லாக இருக்கும், மாட்டிய கொஞ்ச நாளில் வெடித்துவிடும். ஷாக் அப்சார்பரின் சீலும் அதே கதி. வாங்குவதற்கு முன் அதை நிமிர்த்திப் பிடித்து முழுசாக அமுக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். போகிற வழியெல்லாம் ஒரே மாதிரி கனமாக நகர வேண்டும். நடுவில் லேசாகிவிட்டால் உள்ளே எண்ணெய் இல்லை. பார்க்க முடியாத தூரத்தில் இருந்தால், ரப்பரையும் ஷாக் அப்சார்பரையும் புதுத் தயாரிப்பாகவே வாங்கிவிடுவது நல்லது.

புதிய ஷாக் அப்சார்பர் வாங்கும்போது முழுசாக அமுங்கிய நீளத்தைக் கேளுங்கள். விற்பவர்கள் நீட்டிய நீளத்தைத்தான் முதலில் சொல்வார்கள். ஆக்சில் மேலேறி பம்ப் ஸ்டாப்பில் (அதைத் தடுத்து நிறுத்தும் கட்டையில்) போய் மோதுவதற்கு முன்னால் ஷாக் அப்சார்பர் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டால், மொத்த அடியும் அதன் பிராக்கெட்டில்தான் விழும்.

மரை ஏறிவிட்டது, அதனால் சரி என்று விடுவது

பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் முறையான விட்வொர்த் மரைக்கும் அமெரிக்க யுஎன்சி மரைக்கும் பல அளவுகளில் ஓர் அங்குலத்துக்குப் பற்களின் எண்ணிக்கை ஒன்றே. அரை அங்குல போல்ட்டில்தான் 12, 13 என்று வேறுபடும். அதனால் ஒன்றின் நட்டு இன்னொன்றின் போல்ட்டில் ஏறிவிடும். ஆனால் விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி, அமெரிக்க மரையின் கோணம் 60 டிகிரி. பற்கள் முழுசாக ஒட்டாது. சஸ்பென்ஷனில் அப்படி ஒரு நட்டை நம்பி வண்டி ஓட்டக்கூடாது. விலை குறைந்த ஒரு மரை கேஜ் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகமே வராது.

பட்டையை மட்டும் ஆர்டர் போடுவது

பட்டையின் எடைக்கு அனுப்பும் செலவு அதிகம். அதனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் வரவழைப்பதுதான் லாபம்: யு போல்ட், அதன் நட்டு, சென்டர் போல்ட், புஷ், பிவட் போல்ட், கிரீஸ் நிப்பிள். யு போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை முழு இறுக்கத்தில் இருந்தது இழுபட்டிருக்கும், மரையும் தேய்ந்திருக்கும்.

புதுப் பாகம் வந்து, மாட்டி, ஓட்டிப் பார்க்கும் வரை பழையதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கைபோல் நீண்டிருக்கும் பழைய வகை ஷாக் அப்சார்பர் என்றால் அதன் உடலைத்தான் சீர்செய்து தருவார்கள். அது இல்லாவிட்டால் மாற்றுச் சரக்கும் கிடைக்காது.

ரப்பர் புஷ் உள்ள வண்டியில் ஷாக்கிள் போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காமல், வண்டி தரையில் முழு எடையோடு நின்ற பிறகு இறுக்குங்கள். புதுப் பட்டை முதலில் கொஞ்சம் உயரமாக நிற்கும், பிறகு படியும். அதுவரை பொறுத்திருந்து உயரத்தை நான்கு மூலையிலும் அளந்து எழுதி வையுங்கள். ஓடத் தொடங்கியதும் யு போல்ட் நட்டுகள் தளரும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு கையேட்டில் சொன்ன டார்க்கில் (இறுக்கும் அளவில்) அவற்றை மறுபடி இறுக்கி, ஸ்டீயரிங் அலைன்மென்ட்டையும் அதன் பிறகே பாருங்கள்.