எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஜீனின் பூர்வீகத்தைக் கோழியிடம் கேட்பது எப்படி?

குடியாத்தத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் ட்யூஷன் எடுக்கிறேன். ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய்ப் பாடம் வந்தால் போதும், "இந்த ஜீன் எக்ஸுக்கு எங்கிருந்து வந்துச்சு மிஸ்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நான் பதில் சொல்வதில்லை, அவர்களையே தேட வைப்பேன். என்செம்பிள் என்ற இலவச மரபணுத் தளமும் ஒரு செல்போனும் போதும்.

முதலில் மனிதன் என்று தேர்ந்தெடுத்து, ஹீமோபிலியா பி-க்குக் காரணமான எஃப்9 ஜீனைத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். அந்த ஜீனின் பக்கத்தில் 'ஆர்த்தலாக்ஸ்' என்ற பட்டியலைத் திறந்தால், மற்ற விலங்குகளில் அதே ஜீன் எங்கே இருக்கிறது என்று காட்டும். கோழியைத் தேடுங்கள். ஆம்பூர் பக்கம் நாம் தட்டில் மட்டுமே பார்க்கும் கோழிதான் இங்கே முக்கிய சாட்சி. அதன் வம்சமும் நம் வம்சமும் பிரிந்து 30 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. அதனிடம் எஃப்9 இருப்பது 4-ஆம் குரோமோசோமில், அதாவது பால் நிர்ணயத்தோடு சம்பந்தமே இல்லாத சாதாரண குரோமோசோமில். பாலை நிர்ணயிக்கும் எக்ஸும் ஒய்யும் ஒரு காலத்தில் சாதாரண ஜோடிதான் என்று மரபியலாளர் சுசுமு ஓனோ 1967-இல் சொன்னது இதைத்தான்.

அடுத்து டிஎம்டி, அதாவது டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்தின் ஜீன். இதுவும் நம் எக்ஸில் இருப்பதுதான். இது கோழியில் 1-ஆம் குரோமோசோமில் இருக்கும். அப்புறம் கங்காருவைப் போல பைப்பாலூட்டியான ஒப்பாசத்தையும் பாருங்கள்: எஃப்9 அதன் எக்ஸில் இருக்கும், டிஎம்டி இருக்காது. ஆக, எஃப்9 பழைய குடி. டிஎம்டி இருக்கும் துண்டு, பைப்பாலூட்டிகள் பிரிந்து போன பிறகு நம் வழியில் எக்ஸோடு வந்து ஒட்டியது.

கோழிக்கும் இசட் என்று பால் குரோமோசோம் இருக்கிறதே, அதில் தேடலாமே என்று தோன்றும். வேண்டாம். அது நம் 9-ஆம் குரோமோசோமுக்குத்தான் அதிகம் உறவு.

ஒய் ஜீன்களுக்கு வேறு வழி: எக்ஸில் அதற்கு இரட்டை, அதாவது ஒத்த ஜீன், இருக்கிறதா என்று பாருங்கள். இசட்எஃப்ஒய்க்கு இசட்எஃப்எக்ஸ் இருக்கிறது. ஆணாக்கும் எஸ்ஆர்ஒய்க்கு எக்ஸில் இருக்கும் உறவு சாக்ஸ்3. முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸில் அந்த சாக்ஸ்3 ஒரு சாதாரண குரோமோசோமில் இருப்பதால், நம் ஒய் பிறந்ததே பிளாட்டிபஸ் வழி பிரிந்த பிறகுதான் என்று கணிக்கிறார்கள். எக்ஸில் இரட்டையே இல்லாவிட்டால் வேறு குரோமோசோம்களைப் பாருங்கள். விந்தணு உற்பத்திக்கு வேண்டிய டாஸ் ஜீன், 3-ஆம் குரோமோசோமில் இருக்கும் டாஸ்எல்லின் நகல்.

இரட்டைகள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, பிரிந்து அவ்வளவு காலம் ஆகிறது. 1999-இல் லான், பேஜ் என்ற ஆய்வாளர்கள் 19 ஜோடிகளை இப்படி ஒப்பிட்டு, மனித எக்ஸில் நான்கு அடுக்குகள், அதாவது வெவ்வேறு காலத்தில் ஒய்யிடமிருந்து பிரிந்த பகுதிகள், இருப்பதைக் காட்டினார்கள். ஆனால் அச்சு அசலாக ஒத்துப்போகும் ஜோடி வந்தால் சிம்பன்சியின் ஒய்யையும் பார்த்துவிடுங்கள். உதாரணமாக, நம் ஒய்யில் இருக்கும் பிசிடிஎச்11ஒய் என்ற ஜீன் அங்கே இருக்காது. நாமும் சிம்பன்சியும் பிரிந்த பிறகு எக்ஸிலிருந்து ஒய்க்கு நகலான துண்டு அது.